லைனும் லயமும்: டீச்சரிடம் கேளுங்கள்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, லயத்தில், அதாவது இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளில், பிறந்து வளர்ந்தவள் நான் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஹட்டனிலிருந்து பதுளை வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை, இல்லையென்றால் அதைத் தொட்டுக்கொண்டு நிற்பவை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அந்தச் சொல்லுக்கே.

வாசகி, பொகவந்தலாவை: வணக்கம் டீச்சர். என் மகள் சங்கீதப் பாடத்தில் 'லயம்' என்று படித்துவிட்டு வந்து, "நாம் இருக்கிற லயமும் இதுவும் ஒன்றா அம்மா?" என்று கேட்கிறாள். பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) இருக்கும் அண்ணன் அது 'ஆலயம்' என்பதன் குறுக்கம் என்கிறார். என் மாமனாரோ குதிரை கட்டும் 'லாயம்'தான் லயமாகிவிட்டது என்கிறார். எது சரி?

மூன்றும் இல்லை மகள். நம் லயம் ஆங்கிலத்து 'லைன்'. அந்தக் காலத் துரைமார் தங்கள் எழுத்தில் 'கூலி லைன்ஸ்' என்றே குறித்தார்கள். வரிசையாகக் கட்டிய அறைகள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சங்கீதத்தில் வரும் லயம் வடசொல். ஒட்டுவது, ஒன்றிக் கரைவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. 'பாட்டில் லயித்துப் போனேன்' என்கிறோமே, அந்த லயிப்பும் இதே சொல்தான். ஆலயமும் அதே வேர். தங்கியிருக்கும் இடம் என்று பொருள். பனி தங்கும் இடம் என்பதால்தான் இமாலயம். அண்ணன் நினைத்தது அழகாக இருக்கிறது, ஆனால் சொல் அந்த வழியாக வரவில்லை.

மாமனார் சொன்னதை மலையகத்தில் வேறு பல பெரியவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். லாயம் என்பது குதிரைக் கொட்டிலுக்குத் தமிழில் உள்ள சொல்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பத்தையே அடைத்து வைத்தால் யாருக்கும் அந்த நினைப்பு வரும். அவருடைய வயிற்றெரிச்சலை நான் மதிக்கிறேன். மகளிடம் மட்டும், ஒலி ஒத்துப்போவதால் இரண்டும் ஒரு சொல் ஆகிவிடாது என்று சொல்லுங்கள்.

சரி, லைன் எப்படி லயம் ஆயிற்று? நம் பாட்டிமார் 'லைன்' என்பதை 'லயன்' என்று இழுத்துச் சொன்னார்கள். நிலம் - நிலன், அறம் - அறன், நலம் - நலன் என்று போலி படித்திருப்பீர்கள். சொல்லின் கடைசியில் ம் நின்றாலும் ன் நின்றாலும் பொருள் மாறாத பழக்கம் தமிழுக்கு எப்போதோ வந்துவிட்டது. அதே பழக்கத்தில் லயன் லயமானது. அதற்குப் பிறகு மரம், குளம் மாதிரி நடக்கத் தொடங்கிவிட்டது: லயத்துக்கு, லயத்தில், லயத்துப் பிள்ளைகள். மலேசிய ரப்பர் தோட்டங்களிலும் நம்மவர்கள் இதே சொல்லை இப்படியேதான் பழக்கினார்கள்.

குடியிருக்கும் இடத்துக்குப் போய் ஏன் 'லைன்' என்று பெயர் வைத்தார்கள் என்றால், அது பட்டாளத்துப் பழக்கம். பிரிட்டிஷ் பட்டாளத்தில் முகாமில் வரிசையாகப் போடும் கூடாரத்துக்கும் குடிசைக்கும் 'லைன்ஸ்' என்று பெயர். இந்தியச் சிப்பாய்கள் தங்கியது 'சிப்பாய் லைன்ஸ்'. சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் இந்தப் பெயரால்தான் அறியப்பட்டது. தமிழ்நாட்டில் 'போலீஸ் லைன்' உண்டு. டெல்லியில் 'சிவில் லைன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வெள்ளை அதிகாரிகள் பெரிய பெரிய வளவுகளில் பங்களா கட்டிக்கொண்டு இருந்த இடம். ஒரே சொல் அங்கே பங்களாவுக்கும் இங்கே தகரக் கூரைக்கும் பெயராக நின்றது.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் இங்கே தோட்டம் திறந்தவர்களில் பட்டாளத்து அதிகாரிகள் நிறையப் பேர். அவர்கள் விட்டுப்போன சொல் இது ஒன்று மட்டும் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் 'பெரட்டு' ஆங்கிலத்துப் பரேட். தேயிலையை வெட்டிவிடும் 'கவாத்து' என்ற சொல்லைத் தமிழில் படைப்பயிற்சிக்கும் சொல்வார்கள். லயத்திலிருந்து இறங்கி, பெரட்டுக் களத்தில் நின்று, கவாத்து மலைக்கு ஏறிய என் அப்பாவின் காலைப்பொழுது முழுவதும் பட்டாளத்துச் சொற்களால் ஆனது.

இன்னொன்றையும் மகளுக்குச் சொல்லுங்கள். கோப்பி பழுக்கும் காலத்துக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கிக் காடு வழியாக நடந்து வந்தவர்கள் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி சாய்ந்து தேயிலை நிமிர்ந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குக் குடும்பத்தோடு ஆள் இங்கேயே இருக்க வேண்டும். இப்படித்தான், வந்து போகிறவர்கள் படுத்து எழும்பக் கட்டிய வரிசை, பிறப்பும் கல்யாணமும் இழவும் நடக்கும் வீடாகிப்போனது. ஆள் மாறியது, அறையின் அளவு மாறவில்லை.

காம்பரா போர்த்துக்கீசச் சொல், வாசலில் இருக்கும் இஸ்தோப்பு என்ற விறாந்தை ஒல்லாந்தச் சொல், லயம் ஆங்கிலம். அடுப்பும் அம்மியும்தான் நாம் கொண்டுவந்த பெயரோடு இருக்கின்றன.

தையல்காரர், ஹட்டன்: டீச்சர், கோட்டுக்கு உள்ளே 'லைனிங்' வைத்துத் தைக்கிறேன். டெலிபோனுக்கும் லைன், ரயிலுக்கும் லைன், கவிதைக்கும் லைன், கரண்டுக்கும் லைன். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலையா? இல்லை, பல சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா?

எல்லாம் ஒரே குடும்பம் ஐயா. அந்தக் குடும்பத்தின் பூர்வீக வீட்டுக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது உங்கள் தையல் கடை.

ஆளி என்று ஒரு செடி இருக்கிறது. நீலப் பூப் பூக்கும். அதன் தண்டை ஊறவைத்து, அடித்து, நாரெடுத்து நூற்றால் கிடைப்பதுதான் லினன் துணி. லத்தீனில் அந்தச் செடிக்கு 'லினும்' என்று பெயர். அதில் திரித்த நூல் 'லீனியா'. கல் வேலை செய்கிறவர் அந்த நூலை இழுத்துக் கட்டினார். இழுத்துக் கட்டிய நூல் காட்டிய நேர் அடையாளத்துக்கும் 'லீனியா' என்ற பெயரே ஆயிற்று. நூல் கயிறானது, கயிறு கோடானது, கோட்டை ஒட்டி நிற்பதெல்லாம் வரிசையானது. ஆங்கிலத்துக்கு இது இரண்டு தடவை வந்து சேர்ந்தது. மிகப் பழைய ஆங்கிலத்தில் கயிறு என்ற பொருளோடு ஒரு தடவை; 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக இன்னொரு தடவை. இரண்டும் ஒன்றாகக் கலந்ததுதான் இன்றைய லைன்.

உங்கள் லைனிங்குக்கும் கோடு போடுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உடுப்பின் உள்பக்கத்துக்கு லினன் துணி வைத்துத் தைத்தார்கள், அதனால் லைனிங். இன்று நீங்கள் வைப்பது பொலியெஸ்டராக இருக்கும், பெயர் மட்டும் ஆளி நூலின் பெயர். திரீவீலர் பிரேக்குக்குள் ஒட்டும் லைனிங்கும் இப்படி வந்ததுதான். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் ஆளிவிதையில் எடுத்தது. பங்களாக்களில் தரைக்கு விரித்த லினோலியம் என்ற விரிப்பும் அந்த எண்ணெயில் செய்தது. இங்கிலாந்தில் பிரெட்ரிக் வோல்டன் என்பவர் 1860களில் கண்டுபிடித்து, லத்தீனில் ஆளிக்கும் எண்ணெய்க்கும் உள்ள பெயர்களைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்.

இங்கே தமிழ் வந்து பக்கத்தில் நிற்பதைப் பார்க்கிறபோது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கிறது. 'நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது' என்று நாமும்தானே சொல்கிறோம்? தச்சர் சாயத்தில் தோய்த்த நூலை மரத்தின் மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் தூக்கிச் சுண்டிவிடுவார். மரத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதை வாய்ச்சியால் செதுக்கித் தள்ளிவிடுவார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் புத்தகத்துக்கு ஏன் 'நூல்' என்று பெயர் வந்தது என்று சொல்லுகிற இடத்தில் இந்தக் காட்சியைத்தான் எடுக்கிறார். மரத்தின் கோணலைத் தீர்ப்பது தச்சன் நூல், மனிதர் மனத்தின் கோணலைத் தீர்ப்பது படிக்கிற நூல் என்கிறார். 'மனக்கோட்டம் தீர்க்கு நூல் மாண்பு.' ரோமாபுரிக் கல்தச்சர் கையில் இருந்த நூல் அவர்கள் மொழியில் கோடாகி, ரயிலுக்கும் டெலிபோனுக்கும் போனது. நம் தச்சர் கையில் இருந்த நூல் புத்தகத்துக்குப் போனது.

மற்றப் பொருள்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்தால் விளங்கும்: ஒன்று நூல், இன்னொன்று நூல் காட்டிய நேர். தூண்டில் லைன், துணி காயப்போடும் லைன், டெலிபோன் லைன் எல்லாம் நூல் பக்கம். கம்பி இருந்ததால் டெலிபோனுக்கு லைன். இப்போது கையில் இருக்கிற போனுக்குக் கம்பியே இல்லை, இருந்தும் மழை நாளில் 'லைன் கிடைக்கவில்லை' என்றுதான் சொல்கிறோம். கவிதை லைன், கிரிக்கெட்டில் லைன் அண்ட் லென்த், கப்பல்காரர்கள் வெறுமனே 'தி லைன்' என்று சொல்லும் நிலநடுக்கோடு எல்லாம் நேர் பக்கம். 'அவர் என்ன லைனில் இருக்கிறார்?' என்று ஒருவருடைய தொழிலைக் கேட்பதும் அங்கே சேரும். பிடித்துக்கொண்டு போகிற வழி என்று பொருள்.

மாணவன், நானுஓயா: டீச்சர், லைன் என்றால் நேர்கோடு என்று கணிதத்தில் படிக்கிறோம். எங்கள் ரயில் லைன் ஓரிடத்திலும் நேராக இல்லையே?

நல்ல கண் உனக்கு. ரயிலுக்கு முதலில் 'லைன்' என்று சொன்னது தண்டவாளம் போகும் தடத்தை. நேராகப் போனாலும் வளைந்து போனாலும் தடம் தடம்தான். ஆனால் நம் மலைநாட்டுப் பாதை வளைந்த கதை சொல்லத்தக்கது.

ரயில் கண்டிக்கு 1867இல் வந்தது. உன் நானுஓயாவுக்கு 1885இல். பண்டாரவளைக்கு 1894இல். பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. மலைப்பகுதியில் 44 அடி போனால் ஓரடி ஏறுகிற சரிவு. வளைவுகளில் சில 5 செயின் ஆரம் உள்ளவை, அதாவது 330 அடி. அகலப் பாதைக்கு இது மிக இறுக்கமான வளைவு. அதனால்தான் ஜன்னலில் இருந்து பார்த்தால் நீ இருக்கிற ரயிலின் முன்பெட்டியே உனக்குத் தெரிகிறது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த பாதைக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது. அந்தச் சுரங்கத்துக்கு மேலேதான் தெமோதரை ஸ்டேஷன். ஒரு தடவை அங்கே இறங்கி நின்று பார், அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போ.

இனி தமிழைப் பார். 'கோடு' என்றால் உனக்கு நேர்கோடுதான் ஞாபகம் வரும். 'கோடுதல்' என்றால் வளைதல். தராசு ஒரு பக்கமாகச் சாயாதது போல நடுவாக நிற்பதை வள்ளுவர் 'ஒருபால் கோடாமை' என்கிறார். யானைக் கொம்பு கோடு, மரக்கிளை கோடு, குளக்கரை கோடு. மலையும் மலை உச்சியும் கோடு. திருச்செங்கோடு என்ற ஊர்ப் பெயரில் இருப்பது அந்த மலைதான். ஆங்கிலக்காரர் தங்கள் கோட்டை இழுத்துக் கட்டிய நூலிலிருந்து எடுத்தார்கள். நம் 'கோடு' என்ற சொல்லுக்குள் வளைவும் இருக்கிறது, மலையும் இருக்கிறது.

உன் அம்மா தேயிலை மலையில் வேலை செய்தால் 'நிரை' என்ற சொல்லைக் கேட்டிருப்பாய். கொழுந்து எடுக்கப் போனதும் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் அதுவும் லைன்தான். ஆனால் அந்த இடத்தில் நம் பெண்கள் ஆங்கிலச் சொல்லை எடுக்கவில்லை. செய்யுளில் நேரசை, நிரையசை என்று வருகிற அதே நிரை, பசுக்கூட்டத்தை ஆநிரை என்று சொன்ன அதே நிரை, முதுகில் கூடையோடு மலையேறிக்கொண்டிருக்கிறது. மலைச்சரிவில் நிரையை ஒரே மட்டத்தில், சரிவைக் குறுக்கே வெட்டிப் போகிற மாதிரி வைத்தால் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடாது. நூல் பிடித்தாற்போல மேலிருந்து கீழே நட்ட பழைய தோட்டங்களில் மண் கரைந்து செடியின் வேர் வெளியே தெரிவதை நீயே பார்த்திருப்பாய். நல்ல லைன் இங்கே வளைந்துதான் போக வேண்டும்.

வாசகர், தலவாக்கலை (கொழும்பில் வேலை): 'டெட்லைன்' என்று மனேஜர் தினமும் சொல்கிறார். செத்த கோடு என்றால் என்ன?

செத்த கோடு இல்லை தம்பி, தாண்டினால் சாவு என்கிற கோடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க் கைதிகளை அடைத்து வைத்தார்கள். வெளி வேலிக்குச் சில அடி உள்ளே தாழ்வாக ஒரு மரச்சட்டம் அடித்திருந்தது. அதைத் தாண்டிய கைதியைக் காவற்காரர் சுட்டார்கள். அதன் பெயர் டெட்லைன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் இதை எடுத்து, செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 'கெடு' என்று நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது, யாரையும் சுடாத சொல். உங்கள் கந்தோரில் சொல்லிப் பாருங்கள்.

திரீவீலர் சாரதி, வெலிமடை: வரிசையை அமெரிக்காவில் 'லைன்' என்கிறார்கள். நாம் மட்டும் ஏன் 'கியூ'?

பிரிட்டிஷ்காரர் பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல் கியூ. பிரெஞ்சில் அதற்கு வால் என்று அர்த்தம். நம்மை ஆண்டவர்கள் சொன்னது நம்மிடம் தங்கிவிட்டது. 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவெல்லாம் காத்து நின்ற பிறகு, அந்தச் சொல்லை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வாசகர், லிந்துலை: டீச்சர், வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது விலாசத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதுகிறேன். லயத்தின் பெயரையும் காம்பரா இலக்கத்தையும் விட்டுவிடுகிறேன். நேர்முகப் பரீட்சையில் ஒருவர் 'லைன் ரூமா?' என்று கேட்ட விதம் மனத்தில் நிற்கிறது. 'லயம்' என்ற சொல்லையே நாம் கைவிட்டால் என்ன? 'தோட்டக் குடியிருப்பு' என்று கௌரவமாகச் சொல்லலாமே.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் விலாசத்தைப் பேசுவோம். முழுவதும் எழுதுங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே கிடந்து, யார் கையிலோ மாறி, நேர்முகத் திகதி முடிந்த பிறகு உங்கள் வாசலுக்கு வரும். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இப்படி ஆகியிருக்கிறது. மேட்டு லயமா, பணிய லயமா, எத்தனையாம் காம்பரா என்று எழுதிவிட்டால் கொண்டுவந்து தருகிறவருக்குச் சாட்டுச் சொல்ல இடம் இருக்காது.

அடுத்தது சொல். நான் இங்கிலிஷ் படிப்பித்த காலத்தில் 'என் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் தான் 'லயன் ரூமில்' இருப்பதாக எழுதியிருந்தான். லயன் என்று நாம் சொல்வதை அப்படியே எடுத்து, சிங்கத்துக்கு உள்ள ஆங்கில எழுத்துகளைப் போட்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான், பிறகு வகுப்பே சிரித்தது. பையன் கொப்பியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டான். நான் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதினேன். இது லத்தீனில் 'லேயோ', சிங்கம். இது 'லீனியா', நூல். உன் வீட்டின் பெயர் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் வயதான சொல் என்று சொன்னேன். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் லயத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். கோயில் லயம், பீலிக்கரை லயம், மேட்டு லயம், இரட்டை லயம் என்று ஒவ்வொன்றாக வந்தன. துரை வைத்தது வெறும் லைன். அதற்கு முன்னால் கோயிலையும் தண்ணீர்ப் பீலியையும் மேட்டையும் சேர்த்து ஓர் இடமாக்கியது நம் ஆட்கள்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அறை போக வேண்டும். ஒரே கூரையின் கீழ் பத்து இருபது குடும்பங்கள், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் முழு லயமும் எரிகிறது, ஒரு பிள்ளை படிக்கிற நேரத்தில் அடுத்த காம்பரா ரேடியோ சுவர் வழியாகக் கேட்கிறது. தனி வீடும் சொந்தக் காணியும் கேட்பது நியாயம், உரத்துக் கேட்க வேண்டும். ஆனால் சொல்லை மாற்றினால் அறை பெரிதாகாது. 'தோட்டக் குடியிருப்பு' என்று பலகையில் எழுதி, கூரைத் தகரத்தை மாற்றாமல் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது வசதி. லயம் என்ற சொல்லுக்குள் எங்கிருந்து வந்தோம், யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பது எல்லாம் இருக்கிறது. அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும். அடுத்த நேர்முகத்தில் 'லைன் ரூமா?' என்று கேட்டால், 'ஆம், இத்தனையாம் இலக்கம்' என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாசகி, இறாகலை: எங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் வீடு தருவதாகச் சொல்கிறார்கள். பேர்ச் என்றால் என்ன, ஏழு பேர்ச் எவ்வளவு?

இதுவும் இங்கிலாந்திலிருந்து வந்த அளவுதான் தங்கச்சி, லைன் மாதிரியே லத்தீன் வேர். 'பெர்டிகா' என்றால் நீண்ட கம்பு. நிலம் அளக்கும் கம்பின் நீளம் பதினாறரை அடி, அதுவே ஒரு பேர்ச். குருவி உட்காரும் கம்பையும் ஆங்கிலத்தில் பேர்ச் என்பார்கள், அதுவும் இதே சொல். பேர்ச் என்று ஒரு மீன் இருக்கிறது, அது கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல். நான்கு பேர்ச் நீளம் ஒரு செயின், 66 அடி; 1620இல் எட்மண்ட் கண்டர் என்ற கணித அறிஞர் அமைத்த நில அளவைச் சங்கிலி இது. மேலே ரயில் வளைவுக்குச் சொன்ன 5 செயினும் இதே செயின்தான்.

காணியில் பேர்ச் என்று சொல்வது சதுரப் பேர்ச்சை. பதினாறரையைப் பதினாறரையால் பெருக்கினால் 272.25 சதுர அடி. 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச் என்றால் 1,905 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா ஒன்று 120 சதுர அடி. ஆகவே ஏறத்தாழ பதினாறு காம்பராவின் பரப்பு. வீடு, கழிவறை, ஒரு சின்னக் கத்தரி - மிளகாய்த் தோட்டம் வைக்க இடம் இருக்கும்.

வீட்டுச் சாவியோடு நின்றுவிடாதீர்கள், உறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் பேர்ச் கணக்கோடு நில அளவைப் படத்தின் இலக்கமும் நான்கு பக்க எல்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரும் கணவர் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்க வேண்டும். பிழை இருந்தால் கையெழுத்து வைக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.